கொடியைக் கிள்ளி பாட்டிலில் வைப்பதா, தொட்டியில் ஊன்றுவதா, பதியம் போடுவதா?

எங்கள் பள்ளத்தூர் வீட்டில் ஓடு மாற்றும் வேலை சித்திரை பிறந்ததும் ஆரம்பமாகிறது. பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து பணம் போட்டு எடுக்கிற வேலை, பழைய ஓட்டுக்கூரையில் ஏறி வேலை பார்க்கத் தெரிந்த ஆட்கள் கிடைத்ததே பெரிய விஷயம், அதனால் தேதியைத் தள்ளிப் போட வழியே இல்லை. வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றித் தூணுக்குத் தூண் தொங்குகிற செடிகளை எல்லாம் அதற்குள் இறக்கியாக வேண்டும். சின்னத் தொட்டிகளைத் தூக்கிவிடலாம். ஆனால் அப்பத்தா வைத்த மணி பிளான்ட் இருபது வருடமாகத் தூணைப் பிடித்து ஏறி, உத்தரத்தில் வேர் ஒட்டி, அங்கிருந்து மறுபடியும் கீழே தொங்குகிறது. அதைப் பிய்க்காமல் எடுக்க முடியாது. அக்கா கோயம்புத்தூரில், தம்பி சென்னையில், நான் காரைக்குடியில். மூன்று பேருக்கும் எல்லாச் செடியிலும் ஒரு பங்கு வேண்டும்.

ஆகவே கிள்ளி வைத்து வேர் பிடிக்க வைக்க வேண்டும், அதுவும் பங்குனி வெயிலில். இந்த ஊரில் கொடி கிள்ளுவதற்கு இதைவிட மோசமான மாதங்கள் சித்திரையும் வைகாசியும்தான். மழைக்காலமாக இருந்தால் எந்த முறையில் வைத்தாலும் ஏதோ ஒன்று பிழைத்துவிடும், யோசிக்கவே வேண்டியதில்லை. இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. பல வருடமாக மூன்று முறையிலும் வைத்துப் பார்த்திருக்கிறேன், கெடுத்தும் இருக்கிறேன். இந்தத் தடவை எந்தச் செடிக்கு எந்த முறை என்று முடிவு செய்ததற்கான காரணங்களை எழுதி வைக்கிறேன். செட்டிநாட்டுப் பக்கம், அல்லது இதே மாதிரி வறண்ட, உப்புத் தண்ணீர் ஊரில் இருக்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் கணு. இலைக்காம்பு தண்டோடு சேர்கிற இடத்தில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், அதுதான். புது வேரும் புதுத் துளிரும் அங்கிருந்துதான் வரும். மணி பிளான்ட், பிலோடென்ட்ரான், சிங்கோனியம் மூன்றிலும் கணுவில் பழுப்பாக ஒரு சின்ன முளை ஏற்கெனவே நீட்டிக்கொண்டிருக்கும், அது காற்று வேரின் தொடக்கம். இலையை மட்டும் காம்போடு பறித்துத் தண்ணீரில் போட்டால் மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும், சில சமயம் காம்பின் அடியில் வேர்கூட விடும், ஆனால் அதிலிருந்து ஒரு கொடி ஒருநாளும் வராது. பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் அப்படி ஓர் இலையை ஒரு வருடம் பாதுகாத்து வைத்திருந்தார், சொல்லும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது.

வெட்டின இடத்தில் ஏன் வேர் வருகிறது என்றால், கொடியின் நுனிக் கொழுந்தில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் உண்டாகிக் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். தண்டை வெட்டிவிட்டால் அது போக வழியில்லாமல் வெட்டுவாய்க்கு மேலே தேங்கும். அந்தத் தேக்கம் வேரைக் கிளப்புகிறது. கணுவுக்கு அரை அங்குலம் கீழே வெட்டச் சொல்வது இதனால்தான், தேங்குகிற இடமும் கணுவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வெற்றிலைக் கொடிக்கால் வைத்த குடும்பத்துக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதே இல்லை. அகத்தியை முதலில் வளர்த்து நிழல் உண்டாக்கி, பிறகு கணுக்களோடு வெட்டின கொடித் துண்டை அதன் அடியில் ஊன்றுவார்கள், நிழலும் ஈரமும் இல்லாமல் ஒரு துண்டையும் மண்ணில் வைக்க மாட்டார்கள். வீட்டுக்குள் தொங்குகிற கொடிக்கும் அதே பாடம்தான்.

மணி பிளான்டுக்குக் கிள்ளி வைப்பதை விட்டால் வேறு வழியும் இல்லை. அதன் சொந்த ஊர் பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த மூரேயா தீவு. பூப்பதற்குத் தேவையான ஜிப்பரலின் என்ற பொருளைப் போதிய அளவு உண்டாக்க முடியாத செடி அது. வளர்ப்பில் தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-இல். பூ இல்லை, விதை இல்லை. யாரோ ஒருவர் கிள்ளிக் கொடுத்து, இன்னொருவர் அதில் கிள்ளிக் கொடுத்து, அப்படியேதான் அப்பத்தாவின் கைக்கும் வந்திருக்கிறது.

சரி, பாட்டில் முறை.

எல்லோரும் முதலில் செய்வது இது, அதற்கு நியாயமும் இருக்கிறது. செலவு இல்லை, வேர் வருவது கண்ணுக்குத் தெரியும், பிள்ளைகள் தினமும் போய்ப் பார்ப்பார்கள். மணி பிளான்டில் ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். ஊதாவும் வெள்ளியும் பட்டை போட்ட டிரடெஸ்காண்டியா ஒரு வாரம்கூட எடுக்காது. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் இந்த முறையில் நான் ஒரு குறையும் கண்டதில்லை. மார்கழியில் பிள்ளையார் நோன்பு சமயத்தில் வைத்த பாட்டில்கள் பொங்கலுக்குத் தொட்டிக்குத் தயாராகிவிடும்.

கோடையில் கதை வேறு. தண்ணீருக்குள் இருக்கிற வெட்டுவாயும் மூச்சு விட வேண்டும், அதற்குத் தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜன் வேண்டும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், 35 டிகிரிக்குப் போனால் அது சுமார் 7 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். சூடு ஏற ஏறத் தண்டுக்கு மூச்சுத் தேவை கூடும், அழுக வைக்கிற கிருமிகளும் வேகமாகப் பெருகும். தேவை கூடுகிற நேரத்தில் இருப்பு குறைகிறது. நம் ஊர்க் கோடையில் ஜன்னல் ஓரத்துக் கண்ணாடி பாட்டில் மதியம் தொட்டால் வெந்நீர் மாதிரி இருக்கும், இரண்டு நாளில் தண்ணீர் கலங்கி, மூன்றாம் நாள் தண்டின் அடி வழவழவென்று ஆகி, தொட்டால் தோல் உரிந்து வரும். நாற்றமும் வரும். போன வருடம் சித்திரையில் நான் வைத்த பத்துத் துண்டில் ஏழு அப்படித்தான் போயிற்று. பாட்டிலின் மேல் எனக்குக் கோபம் வந்தது, பிறகு யோசித்தால் தப்பு நான் வைத்த இடத்தில் இருந்தது, மிச்சம் மூன்று பிழைத்ததும் வீட்டின் உள்பக்கத்து இரண்டாம் கட்டில் தரையில் வைத்திருந்த பாட்டிலில்தான்.

கோடையில் தண்ணீரில்தான் வைத்தாக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. பாட்டிலை ஒரு மண்சட்டிக்குள் வைத்து, சுற்றி மணல் போட்டு, மணலைத் தினமும் நனைத்துவிடுங்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான் இதுவும், ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பாட்டிலின் அடிப்பகுதி மணலுக்குள் இருப்பதால் வெளிச்சம் படாது, பாசியும் பிடிக்காது, வேருக்கும் இருட்டு பிடிக்கும். வேரைப் பார்க்க முடியாது என்பது மட்டும்தான் குறை, வாரம் ஒரு தடவை தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் எந்தத் தண்ணீர். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, கெண்டியில் கொதிக்க வைத்தால் வெள்ளையாகப் படியும். அதே படிவு வெட்டுவாயிலும் படியும். முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாவில் பிடித்து வைக்கிற பழக்கம் இந்த வீடுகளில் உண்டு, நான்கு பக்கக் கூரையும் உள்ளே சரிந்திருப்பதே அதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீர் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தால் அதைப் போல வேறொன்று கிடையாது. இல்லாவிட்டால் குழாயில் வரும் குடிநீரை ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு மறுநாள் ஊற்றுங்கள், குளோரின் வாசனை அடங்கிவிடும்.

இன்னொன்று, இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை: கொசு. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு மணி பிளான்ட் பாட்டில் அருமையான தொட்டில். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். தண்ணீர் குறைந்தால் மேலே ஊற்றி நிரப்புகிற பழக்கம்தான் ஆபத்து. முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் ஏறினதும் பொரிக்கும். அதனால் மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீரை முழுதாகக் கொட்டி, பாட்டிலின் உள்பக்கத்தைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாய்ப்பக்கம் பஞ்சு வைத்து அடைப்பதும் நல்லது. பூட்டிவிட்டுப் போகிற வீட்டில் பாட்டில் முறையே வேண்டாம். செட்டிநாட்டில் வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வீடுகள் எத்தனை என்று நமக்குத் தெரியும்.

தண்ணீரில் வந்த வேரை மண்ணுக்கு மாற்றுவது தனிச் சிக்கல். அந்த வேர் தண்ணீருக்கென்று வளர்ந்தது, உள்ளே காற்றறைகள் அதிகம், மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற மெல்லிய வேர்த்தூவிகள் குறைவு, தொட்டாலே ஒடியும். வேர் ஓர் அடி நீளம் வளரட்டும் என்று காத்திருப்பது தப்பு. இரண்டு விரற்கடை நீளம், அதாவது 3 முதல் 5 சென்டிமீட்டர் வந்ததுமே மாற்றிவிட வேண்டும். மாற்றிய முதல் பத்து நாள் மண் சொதசொதவென்று இல்லாமல், ஆனால் காயவும் விடாமல் வைத்திருக்க வேண்டும். இலை ஒன்றிரண்டு மஞ்சளாகும், பயப்பட வேண்டாம்.

இப்போது நேரடியாகத் தொட்டியில் ஊன்றுவது. போத்து நடுவது என்று முருங்கைக்கும் மல்லிகைக்கும் நாம் சொல்வதுதான். இதில் வேர் முதலிலிருந்தே மண்ணுக்கான வேராக வரும், ஒரு தடவை மாற்றுகிற வேலை மிச்சம், கொசு இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதது ஒன்றுதான் மனசை அரிக்கும், சிலர் நாலு நாளைக்கு ஒரு தடவை பிடுங்கிப் பார்ப்பார்கள், அப்போதுதான் வந்த வேர் அறுந்துவிடும். மெதுவாக இழுத்துப் பாருங்கள், பிடிமானம் தெரிந்தால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தம், அதோடு விட்டுவிடுங்கள்.

நம் செம்மண்ணை மட்டும் போட்டு ஊன்றினால் வராது. நிலத்தில் நல்ல மண்தான், ஆனால் சின்னத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி ஊற்றி இறுகி, காய்ந்ததும் செங்கல் மாதிரி ஆகிவிடும், வேருக்குக் காற்று போகாது. எருவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம், வேரே இல்லாத தண்டுக்குச் சாப்பாடு எதற்கு, அழுகலைத்தான் கூட்டும். நான் பயன்படுத்துவது தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, சலித்த மணல் ஒரு பங்கு. நம் மாவட்டத்திலேயே சிங்கம்புணரியில் கயிற்றுத் தொழில் நடக்கிறது, நார்க்கழிவுக்கு வெளியூரைப் பார்க்க வேண்டியதில்லை. கடையில் கோகோபீட் என்று அழுத்திய கட்டியாக விற்பதும் இதுதான், 650 கிராம் கட்டி ஒன்றை ஊற வைத்தால் எட்டு ஒன்பது லிட்டர் அளவுக்குப் பொங்கும். எதுவானாலும் கழுவாமல் போடாதீர்கள். தென்னையிலேயே உப்புச் சத்து உண்டு, பதப்படுத்தும் தண்ணீரிலிருந்தும் சேரும். வாளியில் ஊற வைத்துப் பிழிந்து, மறுபடியும் ஊற வைத்துப் பிழிந்து, டீத்தண்ணீர் நிறம் வெளுக்கும் வரை மூன்று நான்கு தடவை செய்யுங்கள். கழுவாத நார்க்கழிவில் வைத்து இலை ஓரம் கருகினதைப் பார்த்த பிறகுதான் நானும் இதில் கறாராக ஆனேன்.

ஊன்றின பிறகு வேர் வரும் வரைக்கும் அந்தத் துண்டுக்குத் தண்ணீர் குடிக்க வாய் இல்லை, இலை வழியாக இழந்துகொண்டே இருக்கும். மழைக்காலத்துக் காற்றில் ஈரம் இருப்பதால் தாங்கும். பங்குனிக் காற்று உலர்ந்த காற்று, மூன்றாம் நாளே இலை தொங்கிவிடும். அதற்காகத்தான் தொட்டியின் மேல் பாலிதீன் கவர் கவிழ்ப்பது, உள்ளே ஈரம் தங்கும். ஆனால் கவர் போட்ட தொட்டியை அரை மணி நேரம் வெயிலில் வைத்தால் போதும், உள்ளே கீரை வெந்த மாதிரி வெந்துவிடும். வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில், வானம் தெரிகிற ஆனால் வெயில் நேராகப் படாத பக்கத்தில், தரையில் வையுங்கள். கனத்த சுவரும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் சேர்ந்து அந்த இடத்தை முகப்பைவிட நன்றாகவே குளிர்ச்சியாக வைத்திருக்கும். தினமும் காலையில் கவரை ஐந்து நிமிடம் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

வேர்த்தூள் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம், செடி தானே உண்டாக்குகிற ஆக்சின் வகைதான். மணி பிளான்டுக்கும் டிரடெஸ்காண்டியாவுக்கும் அது வீண் செலவு. தடித்த மெழுகு இலைக் கொடியான ஹோயா மாதிரி மெதுவாக வேர் விடுகிறவற்றுக்கு வேண்டுமானால் நுனியில் லேசாகத் தொட்டு வைக்கலாம், அதிகம் அப்பினால் கேடு. கற்றாழைச் சாறு, தேன் என்றெல்லாம் சொல்கிறார்கள், நான் வைத்துப் பார்த்ததில் வைத்ததற்கும் வைக்காததற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு கொடியை எத்தனை துண்டாக வெட்டுவது என்பதிலும் ஒரு முடிவு இருக்கிறது. ஒரு கணு ஓர் இலை என்று வெட்டினால் ஆறடிக் கொடியில் ஏராளமான துண்டு கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றும் புதுத் துளிர் கிளப்ப மாதக்கணக்கில் எடுக்கும், சின்னத் துண்டில் சேமிப்பும் குறைவு, சூட்டில் முதலில் போவது அதுதான். நுனிக் கொழுந்தோடு மூன்று கணு உள்ள துண்டு வேகமாகப் பிடிக்கும், எண்ணிக்கை குறையும். மழைக்காலத்தில் ஒற்றைக் கணு, கோடையில் மூன்று கணு என்று நான் வைத்திருக்கிறேன். இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை: ஒரு துண்டு வைத்தால் பெரும்பாலும் ஒரு கொடிதான் வரும், அது தானாகப் பக்கத்தில் கிளைத்துத் தொட்டியை நிரப்பாது. தொங்கும் தொட்டி அடர்த்தியாக வேண்டும் என்றால் ஆறு ஏழு துண்டுகளை ஒரே தொட்டியில் சேர்த்து ஊன்ற வேண்டும். மஞ்சளோ வெள்ளையோ கலந்த இலை வேண்டுமானால் அந்தக் கலப்பு நன்றாகத் தெரிகிற கணுவிலிருந்து எடுங்கள், முழுப் பச்சையாகிப்போன பகுதியில் எடுத்தால் முழுப் பச்சையாகத்தான் வரும்.

மூன்றாவது பதியம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், பங்குனியில் நான் நம்புவதும் இதைத்தான். மல்லிகைக்கும் முல்லைக்கும் நம் வீட்டுப் பெண்கள் காலம் காலமாகச் செய்தது, ஏனோ வீட்டுக்குள் வளர்க்கிற தொங்கும் கொடிக்கு யாரும் செய்வதில்லை. படம் எடுத்துப் போட அழகாக இல்லை என்பதாலோ என்னவோ.

செய்வது சுலபம். தாய்ச்செடியின் தொட்டியை ஸ்டூல் மேல் வைத்து, கொடியை வெட்டாமலே கீழே இறக்கி, பக்கத்தில் நார்க்கழிவு நிரப்பிய சின்னத் தொட்டியின் மேல் படுக்க வைத்து, கணு மண்ணில் நன்றாகப் படும்படி கொண்டை ஊசியாலோ வளைத்த கம்பியாலோ அழுத்திவிட வேண்டும். கணுவின் அடியில் மட்டும் மண் படட்டும், இலை மேலே இருக்கட்டும். அந்த இடத்தில் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நான்கு வாரத்தில் பிடித்துக்கொள்ளும், பிறகு தாய்ப்பக்கம் வெட்டிவிடலாம். ஒரே நீளக் கொடியை நாலு தொட்டிகள் மேல் பாம்பு மாதிரி ஓட விட்டு நாலு கணுவை ஊன்றலாம், மிளகு நாற்றுக்குக் கொடியை இப்படி ஓட்டுகிற முறை உண்டு.

இதில் என்ன பெரிய வசதி என்றால், வேர் வரும் வரைக்கும் அந்தத் துண்டுக்குத் தண்ணீரும் சாப்பாடும் தாயிடமிருந்து வந்துகொண்டே இருக்கும். உலர்காற்று அடித்தாலும் இலை வாடாது, கவர் வேண்டாம், அழுகினால் அந்த ஒரு கணுதான் போகும், கொடி பிழைத்திருக்கும். இரண்டு நாள் தண்ணீர் விட மறந்தாலும் மன்னிக்கும். கஷ்டம் என்றால் இடம். தாய்ச்செடியைச் சுற்றித் தொட்டிகள் பரப்பி ஒரு மாதம் யாரும் தட்டாமல் இருக்க வேண்டும், நடமாட்டமுள்ள வீட்டில் இது பெரிய கேள்விதான். எண்ணிக்கையும் கொடியின் நீளத்தைப் பொறுத்ததுதான். தாய்ச்செடி அருகில் இருந்தாக வேண்டும் என்பதால் ஊரில் உள்ளவர் வீட்டுச் செடியில் கிள்ளி வாங்கி வருகிறவர்களுக்கு இது உதவாது.

ஹோயாவுக்குப் பதியம்தான், வேறு பேச்சே இல்லை. தடித்த மெழுகு இலை, வெட்டினால் பால் வடியும், கிள்ளி வைத்தால் ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதம்கூட எடுக்கும், அத்தனை நாள் கோடையில் தாங்காது. அதில் இலையே இல்லாமல் சாட்டை மாதிரி நீளும் கொடியை உபயோகமில்லை என்று வெட்டிவிடாதீர்கள், பிறகு அதில் இலை வரும். பூத்து உதிர்ந்த குட்டைக் காம்பையும் வெட்டக் கூடாது, அடுத்த பூ அதே இடத்தில்தான் வரும். அம்மா ஒரு தடவை காய்ந்த காம்பு என்று நினைத்து எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டார், புதுக் காம்பு வர நாங்கள் நெடுநாள் காத்திருந்தோம்.

பச்சைப் பாசிமணி கோர்த்த மாதிரி தொங்குமே, ஸ்டிரிங் ஆஃப் பேர்ல்ஸ், அதற்கும் பதியம்தான், ஆனால் புதைக்காமல். கொடியைச் சுருட்டித் தொட்டியின் மேற்பரப்பிலேயே படுக்க வைத்தால் கணு தொடும் இடத்தில் வேர் இறங்கும். மணல் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். பாட்டிலில் வைத்தால் நம் சூட்டில் அந்த மணிகள் ஊறி உடைந்துவிடும். இதய வடிவ இலை ஜோடியாகத் தொங்குகிற ஸ்டிரிங் ஆஃப் ஹார்ட்ஸில் கொடியிலேயே சின்னக் கிழங்கு உருண்டை காய்க்கும், அந்த உருண்டையை மண்ணில் அழுத்தி வைத்தாலே போதும்.

ஸ்பைடர் பிளான்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அது குட்டியைத் தானே தொங்கவிட்டு, குட்டியின் அடியில் வேர்முனையும் வைத்தே கொடுக்கிறது. பக்கத்துத் தொட்டியில் உட்கார வைத்தால் முடிந்தது.

நர்சரியில் புதுச்செடி வாங்கிவிடலாமே என்று தம்பி கேட்டான். மணி பிளான்டும் சிங்கோனியமும் எங்கே போனாலும் மலிவாகக் கிடைக்கும், அவசரம் என்றால் வாங்குவதில் தப்பே இல்லை, நார்க்கழிவும் தொட்டியும் வாங்குகிற செலவே சில சமயம் அதற்குச் சமமாகிவிடும். ஆனால் நிழல்வலைக்குள் தினம் பனி மாதிரி தண்ணீர் தெளித்து வளர்த்த செடி நம் வீட்டுக் காற்றுக்கு வந்ததும் ஒரு மாதம் முரண்டு பிடிக்கும். நம் தூணிலேயே இருபது கோடை பார்த்த கொடியை விட்டுவிட்டு அதை வாங்க எனக்கு மனசு வரவில்லை. அப்பத்தா கை பட்டது வேறு.

ஆக, நான் செய்திருப்பது இது. மாசிக் கடைசியிலேயே ஹோயாவில் மூன்று பதியமும், பேர்ல்ஸில் மூன்று பதியமும் போட்டுவிட்டேன், தொட்டிகள் இரண்டாம் கட்டில் ஒரு மூலையில் பழைய மங்குத் தட்டுகளின் மேல் இருக்கின்றன, கொத்து வேலைக்காரர்கள் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். மணி பிளான்டில் தூணின் அடிப்பக்கம் எட்டுகிற கொடிகளை நாலு தொட்டியில் பதியமாக ஓட்டியிருக்கிறேன், அது என் பங்கு. உத்தரத்திலிருந்து தொங்குகிறதை எப்படியும் வெட்டத்தான் வேண்டும், அது அக்காவுக்கும் தம்பிக்கும்.

அவர்கள் இரண்டு பேருக்கும் வேர் வைத்துக் கொடுப்பதா, வெட்டின துண்டாகவே கொடுப்பதா என்று ரொம்ப யோசித்தேன். வெட்டின துண்டாகக் கொடுப்பதே சரி என்று படுகிறது, காரணம் அவரவர் ஊர்தான். சென்னையில் கடற்காற்றின் ஈரம் இருக்கிறது, கவர்கூடத் தேவைப்படாது, தம்பி நேராகத் தொட்டியில் ஊன்றலாம், அவன் வேலைக்குப் போய்விடுகிறவன், பாட்டில் தண்ணீர் மாற்ற நினைவிருக்காது. அக்கா வீட்டில் வெயில் நம் அளவுக்கு இல்லை, குடிநீரும் நல்ல தண்ணீர், பேத்தி வேர் வருவதைப் பார்க்க ஆசைப்படுகிறாள், அங்கே பாட்டில் முறை நன்றாகவே வரும். இங்கே வேர் வரவைத்து அந்த மெல்லிய வேரோடு ரயிலில் ஆறேழு மணி நேரம் குலுக்கிக்கொண்டு போவதைவிடத் துண்டு எவ்வளவோ பாதுகாப்பு. ஆனால் ஹோயா மட்டும் வேர் பிடித்த பிறகுதான் கொடுப்பேன் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன், வைகாசித் தேருக்கு வரும்போது வாங்கிக்கொள்ளட்டும்.

வெட்டுகிற அன்றைக்குக் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு வெட்ட வேண்டும், முந்தின ராத்திரி தாய்ச்செடிக்கு நிறையத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். மணி பிளான்ட் சாறு கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், அதில் ஊசி மாதிரிக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு, கண்ணைத் தேய்க்காமல் கை கழுவுங்கள். பூனை, நாய், தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் துண்டுகளைக் கீழே போட்டு வைக்காதீர்கள், மென்றால் வாய் எரியும், வீங்கும். துண்டுகளின் வெட்டுவாயை அரை மணி நேரம் காற்றில் ஆற விட்டு, ஈரமான செய்தித்தாளில் பத்துப் பத்தாகச் சுற்றி, எது மேல் எது கீழ் என்று தெரிய நுனிப்பக்கம் நூல் கட்டி, பனையோலைக் கொட்டானில் படுக்க வைத்து மூடிவிடுவேன். பிளாஸ்டிக் பையில் வைத்தால் புழுங்கும், கொட்டானில் காற்று போகும்.

தம்பி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பல்லவன் ரயிலில் ஏறுகிறான். வீட்டுக்குப் போனதும் சட்டையை மாற்றுவதற்கு முன்னால் நார்க்கழிவைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு, அது ஊறி முடிந்த பிறகுதான் கொட்டானைத் திறக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.